டைப்ரைட்டரை அறைந்த மாப்பிள்ளை

கை ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும்போது எது வித்தை, எது கோளாறு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே பழகிவிடும். இதை நான் பெண்ணைப் பெற்றவர் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் படித்தேன். இன்ஸ்டிடியூட்டில் நல்ல மெஷின்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். திருப்புலிவனத்திலிருந்து சைக்கிள் மிதித்து வரும் எனக்கு எப்போதும் மூலையில் கிடந்த கிழட்டு மெஷின்தான். வரி முடிந்து, தாளைச் சுமக்கும் கேரியேஜைத் தள்ளினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். விலாவில் ஓங்கி ஓர் அறை விட்டால்தான் நகரும். (மாஸ்டரே சொன்ன வைத்தியம்.) மெல்ல வேகம் வந்தது. கூடவே அறையும் வந்துவிட்டதுதான் எனக்குத் தெரியாது.

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றுக்கு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. அந்த வேலை கிடைத்தால் வசந்தாவைக் கொடுப்பதாக அவள் அப்பா, அதாவது என் தாய்மாமா, சொல்லியிருந்தார். (வேலை மேல் எனக்குப் பெரிய ஆசையில்லை. வசந்தா மேல் இருந்தது.) பையனின் சாமர்த்தியத்தைப் பார்க்க மாமாவும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

மேசையில் புத்தம்புது மெஷின். வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை. முதலாளி கொடுத்த கடிதத்தை அடிக்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிந்தது. கேரியேஜ் தொட்டதுமே வழுக்கிக்கொண்டு போனது. போன பிறகும் என் வலது கை அதன் விலாவில் பளாரென்று ஒன்று வைத்தது.

மன்னிப்புக் கேட்டேன். இனி அறையக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த வரியை அடித்தேன். அறைந்தேன். மனசு சொன்னது கைக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வோர் அறைக்கும் மெஷின் மேசை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போய், கடைசி வரியில் முதலாளியின் காலடியில் விழுந்தது.

"தம்பி, ஸ்பீடு நல்லாத்தான் கீது," என்றார் அவர். "எங்க மெஷின் இன்னா தப்பு பண்ணிச்சி?"

பஸ்ஸில் மாமா தள்ளிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய் அத்தையிடம் கொட்டித் தீர்த்தாராம். வாயில்லாத மெஷினையே இந்த அடி அடிக்கிறவன் நம் பெண்ணை என்ன செய்வான், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று. விஷயம் காதுக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை கிடைக்காமல் போனதற்கு வரவில்லை.

ஆனால் வசந்தா உள்ளேயிருந்து சொன்னாளாம்: "அது திருப்பி அடிக்கல, அதான் அடிச்சிக்கினே இருந்தாரு. நான் அப்பிடியா இருப்பேன்?"

அதோடு மாமா வேலைப் பேச்சையும் விட்டுவிட்டார். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது.

ஆல்பத்தில் நாங்கள் மாலையும் கழுத்துமாக நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் வசந்தா அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவாள். எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாமா மட்டும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.