பம்பை அடிக்கு ஓடினவன்

உலகத்தில் ஓடுகிறவன் ஒருவன் என்றால், எப்படி ஓட வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஒன்பது பேர். எனக்கு அந்த ஒன்பது பேரும் ஒரே ஆளாக வாய்த்தார்: என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சில் பாவா. (தெருமுனைக்குக்கூட சைக்கிளில்தான் போவார்.)

ஐம்பதுகளில் ஒரு வருஷம், திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை வரை ஓடித் திரும்பும் பந்தயம் வைத்தார்கள். ஜெயிக்கிறவனுக்குப் போலீஸில் சேரச் சிபாரிசு கிடைக்கும் என்றார்கள். பரீட்சையில் கோட்டை விட்டு வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த எனக்கு அதை விட்டால் கதியில்லை. ஆனால் ஓட்டத்தில் நிதானம் கிடையாது. ஆரம்பத்திலேயே தலைதெறிக்கப் பாய்ந்து, பாதி வழியில் டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிடுவேன்.

“இந்த எடத்துக்கு இந்த வேகம்னு வெச்சிக்கினு ஓடணும்டா மணி,” என்றார் பாவா.

வேகத்தை அளக்கக் கடிகாரம் ஏது? மலைக்கு வரும் காவடிகளுக்குப் பம்பை அடிக்கும் முனிசாமி அண்ணனைப் பிடித்து வந்தார். பாவா சைக்கிள் மிதிக்க, அண்ணன் கேரியரில் என்னைப் பார்த்து உட்கார்ந்து அடிப்பார். போகும்போது மெதுவான அடி, திரும்பும்போது நடுத்தரம், ஊர் நெருங்கினால் வேக அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால் எடுத்து வைக்க வேண்டும். சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் பலித்தது. டீக்கடைப் பக்கம் என் கண் திரும்பவே இல்லை.

பந்தயம் ஆடி மாதத்தில், கிருத்திகைக் காவடிகள் மலைக்கு வரும் சமயம். அம்மா நெற்றி நிறைய விபூதி பூசி, மஞ்சள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிட்டாள். வெறுங்கால். முன்னால் பம்பை. பார்க்கிறவர்களுக்கு நான் யாராகத் தெரிவேன் என்று எங்களில் ஒருவருக்காவது உறைக்க வேண்டாமா?

திரும்பும்போது நான்தான் முதல். ஊர் நெருங்கியது, அண்ணன் வேக அடிக்கு மாறினார். சாலையோரம் நின்ற ஒரு பெண்மணி “அரோகரா!” என்று அலறி ஆடத் தொடங்கினாள். அடுத்து இன்னும் இருவர். யாரோ என் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒருவர் குழந்தையோடு குறுக்கே படுத்துவிட்டார்.

“தாண்டிட்டுப் போங்க சாமி. புள்ளைக்கு ஜொரம் வுடல.”

“யோவ், நான் சாமி இல்லய்யா! பந்தயம் ஓடிக்கினு இருக்கேன்!”

“சாமி அப்டித்தாங்க சொல்லும்.”

தாண்டினேன். அவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஐந்தாறு பேர் படுத்திருந்தார்கள்.

“அண்ணே, அடிக்கறத நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“எப்டிடா நிறுத்தறது? சாமி வந்துகினு இருக்கு. மலையேறாம வுட்டா பாவம்டா!” என்றார் முனிசாமி அண்ணன், இன்னும் பலமாக அடித்துக்கொண்டே.

பாவாவைத் தேடினேன். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பள்ளிப்பட்டுக்காரன் ஒருவன் என்னை முந்தினான். போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டான், பாவி. அவன்தான் ஜெயித்தான். அன்று நான் அழுத அழுகையை யாருக்கும் காட்டவில்லை.

சிபாரிசு போனது போனதுதான், கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை. அம்மையார்குப்பத்தில் என் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தவில் வேகமெடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சுதாரித்துப் பார்த்தால், மாலையும் கழுத்துமாகப் பெண் வீட்டு வாசலில் தன்னந்தனியாக மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிறேன். ஊர்வலம் இரண்டு தெரு பின்னால் வந்துகொண்டிருந்தது.

“இன்னாங்க, தனியாவா வந்தீங்க?” என்றார் மாமியார்.

அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், மேளக்காரர் குச்சியை எடுத்ததும் என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இத்தனை வயசிலும் என்ன அன்னியோன்யம் என்று ஊரார் மெச்சுகிறார்கள். எங்கள் வீட்டார் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.