நாற்காலியின் சம்மதம்

"அவர ஒரு வார்த்த கேக்காம நான் எப்படிங்க சரின்னு சொல்றது?" என்று ஆதியம்மாள் ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலியைக் காட்டினாள்.

நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் கனத்த ஆள் ஒருவர் படுத்திருப்பதுபோல் அதன் கித்தான் துணி நடுவில் தொய்ந்து கிடந்தது.

அருணகிரி திகைத்தார். ஒரு நிமிடம் முன்புவரை எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது. விலை பேசியாகிவிட்டது. வீட்டுப் பத்திரமும் ஆதியம்மாள் பெயரிலேயே இருந்தது. "நான் யார் தெரியுமா? செங்கற்பட்டு காசிநாதன் மகன். வாக்குக் கொடுத்தால் மாறமாட்டேன்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டினாள்.

வாசலுக்கு வந்ததும் தரகர் பன்னீர்செல்வம் காதோடு சொன்னான். "நான் இந்தப் பக்கம் வந்தே ரெண்டு வருசம்தான் ஆவுது சார். அவர நானும் பாத்ததில்ல. ஆனா அந்தம்மா நெத்தியில பொட்டு வெச்சிகினு கீதே, பாத்தீங்களா? புருசன் பூட்டாருன்னு இன்னும் ஒத்துக்கல போல."

"வேறு வீடு பார்."

"புதுப்பட்டினத்துல வேற வூடா? கல்பாக்கத்துல அணுமின் நிலையம் கட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து மாட்டுக்கொட்டாய்க்குக்கூட ஆளு நிக்குது சார்."

அருணகிரிக்கு அந்த வீடு வேண்டும். பூர்வீக வீடு பாகப்பிரிவினையில் கைவிட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. வாடகை வீட்டில் இருப்பதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மகள் சகுந்தலாவுக்கு மதுராந்தகத்தில் ஒரு நல்ல இடம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் வேலை. "சொந்த வீடு உண்டா?" என்று கேட்டார்கள். குடும்ப மானத்துக்கு அஞ்சி, "புதுப்பட்டினத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாளில் அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் மீண்டும் போனார். ஆதியம்மாள் மோர் எடுத்துவர உள்ளே போனாள். கடற்காற்று சட்டென்று நின்றது. அப்போதும் நாற்காலி மெல்ல முனகியது.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று தீர்மானித்து, அருணகிரி விறைப்பாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கித்தான் சூடாக இருந்தது. ஆள் எழுந்துபோன சூடு.

"ஐயையோ!" உள்ளிருந்து வந்த ஆதியம்மாள் மோர்ச் செம்பைக் கீழே போட்டாள். "அவரு மடியில உக்காந்துட்டீங்களே!"

அருணகிரி துள்ளி எழுந்தார்.

ஆதியம்மாள் நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "கோவமா கீறாரு. மூணு நாளிக்கு இந்தப் பேச்சே வேணாம்ன்றாரு."

மூன்று நாள் வீணாயிற்று. சமாதானத்துக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு பன்னீர்செல்வத்தை அனுப்பினார். அவன் தட்டோடு திரும்பி வந்தான்.

"தப்பு பண்ணவரு ஆள அனுப்பறதான்னு கேக்கறாராம் சார். நேர்ல வரணுமாம். துண்ட இடுப்புல கட்டிகினு."

"எங்கள் பரம்பரையில் ஒருவரும் துண்டை இடுப்பில் கட்டியதில்லையடா!"

"கட்டாங்காட்டி வூடு இல்ல சார்."

அருணகிரி கட்டினார். சாத்திய கதவுக்குப் பின்னால், காலி நாற்காலி முன்னால், ஐம்பத்திரண்டு வயதில் கைகட்டி நின்றார். "தவறுதான். மன்னிக்கவேண்டும்" என்றார்.

ஆதியம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் கேட்டாள். "உங்க பழைய வூட்ல பித்தள சங்கிலி போட்ட ஊஞ்சல் இருந்திச்சாமே?"

அருணகிரி கட்டியிருந்த கையை விட்டார்.

"உங்கப்பா எடது கையால பொடி போடுவாராம். ஒருத்தர வேணாம்னு சொல்றதுக்கு முந்தி ரெண்டு தபா கனைப்பாராம்."

"இ... இவருக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லீங்க."

நாற்காலி மறுபடி முனகியது. வாசலில் நின்ற பன்னீர்செல்வம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

"வூட்டுக்கு ஏன் இம்மாம் அவசரம்னு கேக்கறாரு. பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடும்."

அருணகிரி உடைந்துபோனார். யாரிடமும் சொல்லாததை அந்தத் தொய்ந்த கித்தானிடம் சொன்னார். "சொந்த வீடு இல்லையென்றால் என் மகளை வேண்டாம் என்பார்கள்."

"அப்படிச் சொல்றது சரியான்னு கேக்கறாரு."

"மகா பாவம்! பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கூரையைப் பார்க்கலாமா? ஒரு பெண்ணின் வாழ்க்கை, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்குமா ஈடு?"

ஆதியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே அலை ஒன்று வந்து விழுந்து, மண்ணை இழுத்துக்கொண்டு போயிற்று.

"அவரு சரின்னுட்டாரு" என்றாள் கடைசியில்.

பதிவு நாளன்று அருணகிரி மறுபடி நிமிர்ந்து நடந்தார். துண்டு தோளுக்கு வந்துவிட்டிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட ஆதியம்மாளின் தம்பி தணிகைவேல் திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்திருந்தான். பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "வாங்குபவர், செங்கற்பட்டு காசிநாதன் குமாரர் அருணகிரி. விற்பவர், ஆதியம்மாள். அம்மா, காலஞ்சென்ற உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

ஆதியம்மாள் குனிந்து, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தணிகைவேல்தான் அருணகிரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்காவுக்கு ஏதுங்க புருசன்? இருவத்தெட்டு வருசத்துக்கு முந்தி எங்கப்பா உங்க ஊஞ்சல் வூட்டுக்கே வந்து கூப்ட்டு, நீங்க உங்கப்பாவோட பொண்ணு பாக்க வந்து, 'சொந்த வூடு இல்லாத எடத்துல சம்பந்தம் வேணாம்'னு பொண்ணு மொகத்தக்கூட நிமிந்து பாக்காம எழுந்து பூட்டீங்களே, அதுக்கப்பறம் அது கல்யாணமே பண்ணிக்கல சார்!"