செல்வத்துக்கு நான் கொடுத்த நற்சான்று

எனக்குப் பேச வராது. அதைவிட எழுத வராது. இரண்டையும் ஒரே நாளில் செய்யப்போய், ஒருத்தன் கல்யாணத்தைக் கெடுத்தேன்.

தாராவியில் நான் பிளம்பர். பக்கத்து வீட்டுச் செல்வம் கேட் வெல்டிங் செய்கிறவன். முப்பத்தாறு வயதில் அவனுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆசைப்பட்டார். பம்பாய்க்கு வர முடியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் காட்ட, போனில் நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னார். செல்வம் என் நம்பரைக் கொடுத்துவிட்டான். (தெருவில் நல்ல மனிதன் என்று எனக்குப் பெயர். வாயைத் திறக்காததால் வந்த பெயர்.)

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். மகள் போனில் மைக்கைக் காட்டினாள்.

"சும்மா பேசுங்கப்பா. அதுவே டைப் பண்ணிக்கும்."

பேசினேன். அனுப்பினேன். படித்துப் பார்க்கவில்லை. கண்ணாடியை எடுக்கச் சோம்பல்.

போய்ச் சேர்ந்தது இதுதான்:

"செல்வம் வந்து ம் நல்ல பையன்தான் ம் குடி குடியெல்லாம் ம் எப்படிச் சொல்ல கிடையாது பொண்ணை வந்து வந்து ம் நல்லா வச்சுக்கிடுவான் ம் வச்சுக்கிடுவான்னு நினைக்கேன்"

எனக்கு அந்த 'ம்' வெறும் மூச்சு. எழுத்தில் பார்த்தால், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற சாட்சி மாதிரி இருந்தது.

பத்து நிமிடத்தில் பெண்ணின் அப்பா கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, எதையோ முழுங்குதீய. என்னன்னு சொல்லிருங்க."

"அது வந்து... ம்..."

"பாத்தீயளா."

"இல்ல அண்ணாச்சி. பையன்... எப்படிச் சொல்ல..."

"சொல்ல வேண்டாம். புரிஞ்சிட்டு. எங்க பிள்ளையக் காப்பாத்துனீய. ரொம்ப நன்றி."

வைத்துவிட்டார். அந்த நன்றிதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சாயங்காலம் செல்வம் வந்தான். மகள் வாசித்துக் காட்டினாள்.

"நான் குடிக்கவே மாட்டேனே, அண்ணாச்சி."

"அதைத்தாம்ல சொன்னேன்."

"எங்க?"

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டு வருடம் கழித்து பம்பாயிலேயே, பாண்டுப்பில் ஒரு பெண் அமைந்தது. அவர்கள் விசாரிக்க வந்த அன்று காலையிலேயே செல்வம் என்னை, பஸ் ஏறிப் போகவேண்டிய தேவ்நாருக்கு அனுப்பினான். நண்பன் வீட்டில் குழாய் ஒழுகுகிறதாம். போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒன்றும் கேட்காமல் டீ குடித்து, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் நடந்தது.

இப்போது எங்கள் தெருவில் யாரை விசாரிக்க வந்தாலும், தேவ்நாரில் ஒரு குழாய் ஒழுகிவிடுகிறது. என் மனைவியே சிரித்துக்கொண்டு பையை எடுத்துக் கொடுக்கிறாள். நானும் கிளம்பிவிடுகிறேன்.