பரஞ்சோதி அண்ணனின் விமான இஞ்சின்

பயன்படுத்துகிறவரிடமிருந்து ஒரு பொருளைக் காப்பாற்றிவிடலாம். பத்திரப்படுத்துகிறவரிடமிருந்து காப்பாற்றவே முடியாது. இந்த இனத்தார் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். தேடி அலைய வேண்டாம். நீங்கள் வணக்கம் சொல்லும் முன்பே எந்த வீட்டில் "தொடாதீங்க" என்று குரல் வருகிறதோ, அந்த வீடுதான்.

மலேசியாவில் எங்கள் ஊரான பீடோங்கில் அந்தப் பெருமை பரஞ்சோதி அண்ணனுக்கு. தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டத்து மானேஜர் ஒருவர் முன்பு மருந்து தெளிக்கச் சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார். தோட்டம் கைமாறியபோது விமானம் பழைய இரும்புக்குப் போக, அதன் நாலு சிலிண்டர் இஞ்சினை மட்டும் அண்ணன் மீட்டு வந்து, வீட்டில் கார் நிறுத்தும் கூரைக்கடியில் குடியேற்றினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்மேல் போர்வை, அதன்மேல் பிளாஸ்டிக், அதன்மேல் தார்ப்பாய், எல்லாவற்றுக்கும் மேல் அண்ணனின் கண். கார் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அவர் மனைவி குணவதி அக்காவைக் கேளுங்கள்.

"கெரேத்தா மழையில நிக்குது, இந்தச் சனியன் நெழல்ல தூங்குது. எனக்கு ஒரு நாளாச்சும் கொடை புடிச்சிருக்காரா இந்த மனுசன்?"

வெள்ளிதோறும் அண்ணன் இஞ்சினைத் துடைத்து, வெளியே பளபளவென்று எண்ணெய் பூசுவார். துடைத்த துணியைக்கூடப் பிறர் தொட முடியாது. பார்க்க வருகிறவர்களை மூன்றடி தள்ளி நிறுத்தி, "மலேசியாவிலேயே இது ஒண்ணுதான் லா" என்பார். ஓடும்போது சத்தம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. ஓட்டிப் பார்ப்பதா? தேய்ந்துவிடாதா?

ஆயுத பூஜைக்கு மட்டும் போர்வை விலகும். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஊரில் ஓடுகிற லாரிக்கும் உண்டு. அண்ணன் ஒரு படி மேலே போனார். ஸ்பார்க் பிளக்குகள் தொலைந்துவிடக் கூடாதென்று இஞ்சின் வீட்டுக்கு வந்த முதல் நாளே கழற்றி மைலோ டின்னில் போட்டுப் பூட்டியிருந்தார்; காலியாகக் கிடந்த துளைகள் ஊதுவத்தி செருகத் தோதாக இருந்தன. ஆண்டுதோறும் துளைக்கு மூன்று.

சென்ற மாதம் அலோர் ஸ்டாரிலிருந்து இளங்குமரன் வந்தார். விமானம் பழுதுபார்ப்பவர். அதே ரக விமானம் ஒன்றை ஆறு ஆண்டு பாடுபட்டுச் சரிசெய்து வைத்திருந்தார், இஞ்சின்தான் இல்லை. வைத்திருந்த கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலிசெய்தாக வேண்டும். இந்த இஞ்சின் சுழன்றால் அது பறக்கும். இல்லையென்றால் அதுவும் பழைய இரும்புக்குத்தான்.

"அண்ணே, கையால ஒரே ஒரு தடவ சுத்திப் பாத்துக்கிறேன்."

"தொடாதீங்க தம்பி."

"தொடட்டும் லா!" என்றார் குணவதி அக்கா. "அவரு கையால தொடட்டும். இல்லாட்டி நான் சுத்தியலால தொடுவேன்."

இளங்குமரன் காற்றாடி மாட்டும் தண்டைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி திருப்பினார். ஊஹூம். பிளக் துளையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விரலை விட்டு எடுத்தார். விரலெல்லாம் செந்துருவும் சாம்பலும்.

"உள்ள என்னண்ணே போட்டீங்க?"

"ஊதுவத்திதான் தம்பி. நல்ல மைசூர் சந்தன வாசம்."

"சிலிண்டர் நாலும் அரிச்சுப்போச்சு. மாத்துச் சாமான் எங்கயும் கெடைக்காது. பன்னெண்டு வருசமா வெளிய ஊத்துன எண்ணெயில உள்ள கொஞ்சம் விட்டு, தொளைய மூடியிருந்தீங்கன்னா போதும்ணே."

விரலைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். காரில் ஏறிய பிறகும் வெகுநேரம் ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.  வேடிக்கை பார்க்க வந்திருந்த எனக்கு அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அண்ணன் தலைகுனிந்து நின்றார். பாவம், மனம் உடைந்துவிட்டதே என்று அருகில் போனேன். மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

"இனிமே இத யாரும் கேட்டு வர மாட்டாங்கல்ல?"

மறுநாளே கண்ணாடிக் கூண்டுக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டது.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், யாரோ கேட்டுவந்தபோது தரமாட்டேன் என்று நீங்கள் பூட்டிவைத்த அந்தப் பொருளை எடுத்து ஒருமுறை திறந்து பாருங்கள். என்ன, இப்போது வேண்டாமா? அடிக்கடி திறந்தால் கெட்டுவிடுமா? சரி, கண்ணாடிக் கூண்டுக்காரரின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.