ஒரு பாட்டுக்கு ஒரு கல்

முசஃபா, அபுதாபி
17.03.2006, வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

சிவகங்கைச் சீமையில் பிறந்து, இருபத்தெட்டு வருடமாக இந்த ஊர் மணலைத் தின்று வாழும் கொத்தனார் கா. ராக்கப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் குறைவின்றி இருக்க வேண்டும். தங்கள் கட்டுரையாளர் முனைவர் விஜயபாஸ்கருக்குக் கண் நோய் சீக்கிரம் குணமாக வேண்டும். கண் நன்றாக இருக்கிற மனிதர் யாரும் 'பாலைப் பெருவழியின் ஆயிரமாண்டுக் கற்கள்' என்று நான்கு பக்கம் எழுதமாட்டார்.

ஐயா, அந்த மைல்கற்களை நட்டவன் நான். நட்டது 1979-இல். அபுதாபியிலிருந்து மேற்கே எல்லைப் பக்கம் போகும் பழைய ஒற்றைத் தார்ச்சாலை அது. இப்போது பக்கத்தில் பெரிய சாலை வந்துவிட்டதால் அதில் ஒட்டகம்தான் போகிறது, அப்புறம் உங்கள் முனைவர் போயிருக்கிறார். எதையாவது எழுதிவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் காரைக்குடிக் கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகள் சந்தியா அந்தப் பக்கங்களைக் கிழித்து எனக்கு அனுப்பி, "அப்பா, நீங்க இருக்கிற ஊர்ல இவ்வளவு பெரிய விசயம் இருக்கு, ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? இத்தன வருசமா அங்க என்னதான் பண்ணுனீங்க?" என்று எழுதிவிட்டாள். அதைப் படித்த அன்று டியூட்டியில் எனக்குக் கையே ஓடவில்லை. என்னதான் பண்ணினேன் என்று இப்போது சொல்கிறேன், அதை நீங்கள் அச்சில் போட வேண்டும்.

கற்களுக்கு இடையே தூரம் ஒரே அளவாக இல்லையாம், அது ஒட்டக வணிகர்களின் மூச்சுக் கணக்காம். மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை. எங்கள் பிக்கப்பில் தூரம் காட்டும் மீட்டர் செத்துப்போயிருந்தது. எங்கள் சூப்பர்வைசர் பாலக்காட்டுச் சேதுமாதவன் வண்டியிலிருந்த டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, "மீட்டர் மாஃபி. ஒரு பாட்டு தீர்ந்தா ஒரு கல்லு. யல்லா!" என்றார். அவ்வளவுதான் உங்கள் முனைவர் கண்ட பண்டைய அளவை முறை. சோகப் பாட்டு வந்தால் கல் தள்ளிப் போகும், ஒரு நாள் கேசட் சிக்கி நாடா வெளியே வந்ததில் இருநூறு அடிக்குள் மூன்று கல் நட்டோம், அந்த இடத்தை முனைவர் 'சந்தை கூடிய திடல்' என்கிறார். ஒரு கல் மேற்கே சாய்ந்திருப்பது மறையும் சூரியனுக்குச் செலுத்தும் வணக்கம் என்கிறார். தண்ணீர் டேங்கர் ஓட்டிய மூசா பாய் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தார், கல் வணங்கிவிட்டது. கல்லின் நடுவில் உள்ள வட்டம் சூரியச் சின்னமாம். ஈரம் காயாத கான்கிரீட்டின் மேல் டீக் கெண்டியை வைத்தவனை அன்றைக்கே திட்டித் தீர்த்தோம். உடைந்த முனையில் கம்பி எட்டிப் பார்க்கிறதே, அதையாவது பார்த்தாரா என்றால் பார்த்திருக்கிறார், 'இரும்பு நாகரிகத்தின் தடயம்' என்று அதற்கொரு தனிப் படமே போட்டிருக்கிறார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று ஐயா?

எல்லாவற்றிலும் பெரிய கூத்து, நாற்பத்தொன்றாவது கல்லில் அவர் கண்டுபிடித்த 'இதுவரை எவரும் வாசித்திராத பாலைவன எழுத்து'. அது தமிழ். நான் ஆணியால் கீறியது. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. மண்ணுக்குள் போகிற பக்கமாகப் பார்த்துத்தான் கீறினேன், யார் கண்ணிலும் படாமல் கிடக்கட்டும் என்று. மூசா பாய் தலை எது கால் எது என்று பார்க்காமல் அந்தக் கல்லைக் கவிழ்த்து நட்டுவிட்டார், எண்ணைப் பிறகுதான் பெயின்டில் எழுதினோம் என்பதால் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. பெயின்ட் போய்விட்டது, என் எழுத்து நிற்கிறது. உங்கள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், 'நாகவள்ளி' என்று பளிச்சென்று இருக்கும். மேடைக்கு மேடை மூத்த மொழி என்று முழங்குகிற மனிதருக்குத் தாய்மொழி தலைகீழாக நின்றால் அடையாளம் தெரியவில்லை. ஏசி காரை விட்டு இறங்கிக் கொஞ்சம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே மறுப்பு ஒன்றைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். மேற்பார்வை சேதுமாதவன், தண்ணீர் வண்டி மூசா, கொத்து வேலை ராக்கப்பன் என்று மூன்று பெயர் போதும். இந்த நாட்டில் நான் கட்டிய சுவர் எதிலும் என் பெயர் கிடையாது. மகள் கையில் கொடுக்க ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும்.

தங்கள் சமையல் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிக்கும் என் மனைவி மீனாம்பாளின் வணக்கத்தையும் இத்துடன் சேர்த்து, பத்திரிகை பல்லாண்டு தழைக்க எங்கள் குலதெய்வத்தை வேண்டி,

இப்படிக்கு,
கா. ராக்கப்பன்

பி.கு.: மேலே உள்ள மூன்று பக்கங்களையும் டைப்பிங் சென்டர்க்காரர் தங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். போனதைத் திரும்ப இழுக்க முடியாதாம். அனுப்பிய பெருமையில் வீட்டுக்குப் போன் போட்டு மகளுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அவள் அம்மாவும் முழுக்கக் கேட்டிருக்கிறாள். பிறகு மீனாம்பாள் கேட்டாள்: "அவ பேரு கல்லுல இருக்கு. எம் பேரு ரேசன் கார்டுல மட்டுந்தானா?" அதோடு போனை வைத்துவிட்டாள், அதன் பின் நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான்.

எனவே ஐயா, முனைவர் எழுதியது அத்தனையும் உண்மை. கல்லுக்கு ஆயிரம் வருடம் போதாது, இரண்டாயிரம் என்று போடுங்கள். அந்த எழுத்து தமிழே இல்லை என்று அவரிடமே இன்னொரு கட்டுரை வாங்கி, எட்டுப் பக்கத்துக்கு வெளியிடுங்கள். சமையல் பக்கத்துக்குப் பக்கத்திலேயே வரட்டும்.