தலை தூக்காமல் எழுதுவது எப்படி

தையல் மிஷின் சட்டென்று நின்றதும், கிரேன்காரர் புத்தகத்தைப் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினார்.

"என்னாச்சு? விரல்ல ஊசி ஏறிடுச்சா?"

மனைவி அறுந்த நூலை எச்சிலில் ஈரப்படுத்தி ஊசியில் கோர்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் நூல் இருந்ததால் முதலில் கண்ணால் திட்டினாள். பிறகு நூலைத் துப்பிவிட்டு வாயால் திட்டினாள்.

"நூல் அறுந்தா மிஷின் நிக்கும். கட்டிக்கிட்டு வந்த நாளா நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுதா?"

"இல்ல... ஓடிக்கிட்டிருந்த சத்தம் திடீர்னு நின்னுச்சா, அதான்."

"அது நிக்கிறப்பெல்லாம் நீங்க எந்திரிச்சு வந்தா எப்பப் படிக்கிறது? போங்க. போய் உட்காருங்க."

போய் உட்கார்ந்தார். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். அந்த முதல் பக்கம் அவருக்கு இப்போது மனப்பாடம். இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் யாராவது சொல்ல வேண்டும்.

கிரேன்காரருக்கு நாற்பத்தைந்து வயது. கட்டடம் கட்டுகிற இடங்களில் உச்சியில் தொங்கும் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் தூக்கி இறக்குவதே அவர் பிழைப்பு. இத்தனை வருஷம் யாரும் அவரிடம் படித்தவரா என்று கேட்டதில்லை. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. எழுத்துப் பரீட்சையில் தேறினால் கூண்டில் இருக்கலாம். தேறாவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான்.

இறங்குவது என்றால் ஏணியில் இறங்குவது அல்ல. சிமெண்டு மூட்டைக்கு இறங்குவது. வாலிபத்தில் அந்த மூட்டைகளைச் சுமந்துதான் அவருடைய இடுப்பில் ஒரு எலும்பு நகர்ந்துபோனது. மழைநாளில் காலையில் எழுந்திருக்க இன்னமும் மனைவியின் கை வேண்டும். இனி ஒரு மூட்டை ஏறினால் அந்தக் கை போதாது, நாலு பேர் வேண்டும். இது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு திட்டினாள்.

வேலை முடிந்ததும் தினம் மாலை வகுப்பு. மேசையில் பிரம்பை வைத்துக்கொண்டு பேசுகிற பயிற்சி வாத்தியார், வகுப்புத் தவறாமல் அதே பாட்டைத்தான் பாடுவார்.

"கவனம்! மேல இருக்கிறவனுக்குக் கவனம் சிதறுச்சுன்னா கீழே இருக்கிறவன் செத்தான்!"

அதைக் கேட்டு வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. கீழே செத்தவனை ஒருமுறையாவது பார்க்காத ஆள் அங்கே இல்லை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. வேலை நடக்கிற இடத்தில் சத்தம் என்றால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். கலவை மிஷின், வெட்டு மிஷின், சுத்தியல் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தால் யாரோ விழுந்துவிட்டார்கள். அதில் ஊறிப்போன காது புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் மாறிவிடுமா? எது நின்றாலும் அவர் எழுந்து ஓடினார்.

"சரி, மிஷினை நீங்க படிச்சு முடிக்கிறவரைக்கும் ஓட்டவே இல்ல. ஓடாத மிஷின் எப்படி நிக்கும்?" என்றாள் மனைவி. தைக்க வந்த துணிகளை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தாள்.

வீடு அமைதியானது. அதுவரை கேட்காததெல்லாம் கேட்கத் தொடங்கியது. மாடிப்படியில் யாரோ இருமினார்கள். பக்கத்து வீட்டில் கடுகு டப்பா திறந்தது. சமையலறைக் குழாய் ஒரு சொட்டு விட்டது. கிரேன்காரர் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தார். அது வந்தது. அதற்கடுத்ததற்கும் காத்திருந்தார்.

"அந்தக் குழாயை மட்டும் சரி பண்ணிட்டு உட்காந்துடுறேன்."

"வேண்டாங்க."

"ஒரு திருகுதான்."

ஒரு திருகுதான் திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. மெயின் வால்வை மூடலாம் என்று ஓடினால், அது துருப்பிடித்து அசைய மறுத்தது. தண்ணீர் படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனது. கீழ்வீட்டுக்காரி மேலே வந்தாள். அவளும் மனைவியும் பேசிக்கொண்டதில் பாதியை எழுத முடியாது. அன்று பாடம் அதோடு முடிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளி சாமியாரிடம் புலம்பினார். சாமியார் என்பது பட்டப்பெயர். பக்கத்துக் கிரேனை ஓட்டுகிறவன். எது நடந்தாலும் முகத்தில் ஈ உட்கார்ந்ததுபோல்கூடக் காட்டிக்கொள்ள மாட்டான். அவனும் பரீட்சை எழுதுகிறான்.

"அண்ணே, நீங்க மனசை முறுக்கி வச்சிருக்கீங்க. முறுக்கின கயிறு எதையும் பிடிக்காது. தளர்த்துங்க."

"எப்படிடா தளர்த்துறது?"

"கண்ணை மூடுங்க. கால் கட்டைவிரலைத் தளர்த்துங்க. அப்புறம் கெண்டைக்கால். அப்புறம் முட்டி. அப்படியே மேல வந்து தலையைத் தளர்த்தினீங்கன்னா, படிச்சது பச்சக்குனு ஒட்டிக்கும்."

அன்று இரவு படுத்தபடி தளர்த்தினார். முட்டிக்கு மேல் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. விடிந்து மனைவி உலுக்கியபோது கன்னத்தில் புத்தகத்தின் ஓரம் பதிந்திருந்தது.

"ஏதாவது ஒட்டுச்சா?" என்று கேட்டாள்.

"எச்சில் ஒட்டியிருக்கு."

அடுத்த நாள் உட்கார்ந்தபடியே தளர்த்திப் பார்த்தார். நாற்காலியிலிருந்து விழுந்தார். அதற்கடுத்த நாள் பேருந்தில் தளர்த்தினார். அது பணிமனைக்குப் போய் நின்றபோது நடத்துனர் எழுப்பிவிட்டார். வேலைக்குத் தாமதமாகப் போய் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து கண்ணை மூடவே பயம் வந்துவிட்டது. இப்போது படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மனைவி தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். புது ஜெல் பேனா வாங்கிக் கொடுத்தாள். ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள். பரீட்சைக் கட்டட வாசலில் நிறுத்தி, தலையணை தைத்ததில் மிஞ்சிய பஞ்சை உருட்டி அவர் இரண்டு காதிலும் அடைத்தாள்.

"இப்ப எதுவும் கேட்காது. குனிஞ்ச தலை நிமிராம எழுதிட்டு வாங்க."

"என்ன?"

"கேட்கலையா?"

"என்ன?"

"நல்லது. போங்க."

மாடியில் இருந்த பரீட்சை அறைக்குப் போனார். பஞ்சு ஊரை நிறுத்தியது, ஆனால் உள்ளே இருந்ததை நிறுத்தவில்லை. இதயம் யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல் அடித்துக்கொண்டது. கண்காணிப்பாளர் என்னவோ சொன்னார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். கிரேன்காரர் மட்டும் நின்றார். கண்காணிப்பாளர் மறுபடி என்னவோ சொன்னார். எல்லாரும் தாளைத் திருப்பினார்கள். கிரேன்காரர் உட்கார்ந்தார்.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து தன் காதைத் தொட்டுக் காட்டினார். ஒல்லியான மனிதர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர்.

"காதுல என்ன?"

கிரேன்காரர் ஒரு பஞ்சை எடுத்தார். "பஞ்சு சார்."

"எதுக்கு?"

"கவனத்துக்கு சார்."

"ரெண்டையும் எடுங்க."

எடுத்ததும் மொத்தச் சத்தமும் ஒரே மூச்சில் உள்ளே வந்தது. மேலே மின்விசிறி கடகடவென்று ஆடியது. பின்னால் ஒருவன் காலை ஆட்ட, மேசை டக்டக்கென்றது. கிரேன்காரர் திரும்பினார்.

"தம்பி, காலை ஆட்டாதீங்க."

"ஆட்டினாத்தான் எனக்கு ஞாபகம் வரும்."

"எனக்கு மறக்குதே!"

"அப்ப நீங்களும் ஆட்டுங்க."

விசிறியையாவது நிறுத்தச் சொல்லலாம் என்று கை தூக்கினார். கண்காணிப்பாளர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு விசிறியை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அறை வெந்தது. அறை முழுக்க ஆட்கள் வினாத்தாளை எடுத்துப் படபடவென்று விசிறிக்கொண்டார்கள். முன்பு ஒரு விசிறியின் சத்தம். இப்போது அத்தனை தாளின் சத்தம். போதாததற்கு எல்லார் முறைப்பும் அவர் மேல்தான். முழங்கையில் வழிந்த வியர்வை பதில் தாளை மேசையோடு ஒட்டியது.

சாமியார் மட்டும் முன்வரிசையில், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

கிரேன்காரர் பல்லைக் கடித்தார். கேள்வியைப் படித்தார். காற்று பலமாக அடிக்கும்போது பாரத்தைத் தூக்கலாமா? இது தெரியுமே! எழுதினார். அடுத்தது, கம்பிக் கயிற்றில் எந்த மாதிரி சேதம் இருந்தால் மாற்ற வேண்டும்? இதுவும் தெரியும்! ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. விசிறல் சத்தம் மங்கியது. கால் ஆட்டும் சத்தம் மங்கியது. இடுப்பு வலிகூட எங்கோ போனது. ஐயோ, இதுதான் கவனமா, இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று அவர் நினைத்த அந்த நேரத்தில், வெளியே முற்றத்திலிருந்து ஒரு குரல் கிழிந்தது.

"நிறுத்து! நிறுத்து!"

அந்தச் சொல் அவருடைய மூளைக்குப் போகிற பழக்கமே இல்லை. காதிலிருந்து நேராகக் கைக்குத்தான் போகும். இரண்டு கையும், அங்கே இல்லாத கிரேன் லீவர்களை வெடுக்கென்று பின்னால் இழுத்தன. பேனா பறந்தது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தேடினார்.

கீழே யாரும் விழுந்திருக்கவில்லை. எதுவும் சரிந்திருக்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் வாயருகே குவித்த கையை இறக்கிவிட்டு, இருமிக்கொண்டே நிழலுக்குப் போனார். அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தார். அறை முழுக்கக் குனிந்த தலைகள். ஒன்றுகூட நிமிரவில்லை. கால் ஆட்டுகிறவன்கூட எழுதிக்கொண்டிருந்தான்.

கண்காணிப்பாளர் எதிரில் நின்றார். "என்ன ஆச்சு?"

"யாரோ நிறுத்துன்னு கத்தினாங்க சார்."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"மன்னிச்சிடுங்க சார். கேட்டுடுச்சு சார்."

கண்காணிப்பாளர் அவர் மேசையைப் பார்த்தார். பதில் தாளில் தண்ணீர் குளம் கட்டி, எழுத்தெல்லாம் நீலமாக நீந்திக்கொண்டிருந்தது.

"போதும். நீங்க கிளம்பலாம்."

"சார், வேற தாள் கொடுத்தீங்கன்னா மறுபடி எழுதிடுறேன். இப்பத்தான் சார் கவனமே வந்துச்சு."

"தேவையில்ல. போங்க."

மனைவி வாசலுக்கு வெளியே மதில் நிழலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் முன்னால் அவர் தனியாக வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்ததும் வாடியது.

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டாங்க."

நடந்ததைச் சொன்னார். அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. முந்தானையால் அவர் சட்டையில் இருந்த ஈரத்தை ஒற்றினாள். அவர் இடுப்பில் கை வைத்து, எலும்பு நகர்ந்த இடத்தைத் தடவினாள்.

"மூட்டை தூக்கப் போக வேண்டாம். நான் இன்னும் நாலு இடத்துல துணி வாங்கித் தைக்கிறேன்," என்றாள்.

 கிரேன்காரர் மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார். அங்கிருந்து எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தது. சாமியார் ஜெயித்தவன்போலக் கையை உதறிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, அத்தனை கேள்வியும் எழுதிட்டேன்! ஆமா, நீங்க எப்பக் கிளம்பினீங்க? நான் பார்க்கவே இல்லையே."

"முற்றத்துல ஒருத்தர் கத்தினது கேட்கலையாடா?"

"எனக்கா? பக்கத்துல கட்டடமே இடிஞ்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுண்ணே. அந்த மாதிரிக் கவனம்!" சீட்டியடித்துக்கொண்டு போனான்.

மனைவி மெல்ல எழுந்தாள். "கத்தினது யாரு?"

"விடும்மா."

"யாருன்னு கேட்டேன்."

கிரேன்காரர் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். காக்கிச் சட்டைக் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் போன வேகத்துக்கு அவரால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால்தான் போக முடிந்தது.

"யோவ், பரீட்சை நடக்கிற இடத்துல கத்தினது நீதானா?"

"நான்தாம்மா."

"யாராவது விழுந்தாங்களா? தீப்பிடிச்சுச்சா?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாததுக்கா கத்தின?" காவலாளியின் சட்டை அவள் கைக்கு வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் பிழைப்பே போச்சுய்யா உன்னால! எழுதின பேப்பர் தண்ணியில போச்சு! அத்தனை பேரு குனிஞ்சு எழுதுறாங்க, இந்த மனுஷன் மட்டும் ஜன்னலுக்கு ஓடியிருக்காரு!"

காவலாளி கையிலிருந்த டம்ளரைச் சிந்தாமல் கீழே வைத்தார். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற கிரேன்காரரை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானது. கரகரத்த குரலில் சொன்னார்:

"பேப்பரை இங்க யாரும்மா படிக்கிறாங்க? 'நிறுத்து'ன்னா விட்டுட்டு எந்திரிக்கிற ஆளு யாருன்னு பார்க்கத்தான் இந்தப் பரீட்சையே. காலையிலேர்ந்து ஒவ்வொரு அறை ஜன்னலுக்குக் கீழயும் போய்த் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், தலையைத் தூக்கினது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்!"