நான்காவது பூச்சு

இனி நிலாணிக்குப் பொய் சொல்வதில்லை என்று நவம்பர் கடைசியில் ஒரு முடிவெடுத்தேன். உண்மையை மட்டும் சொல்லியே அவளை ஏமாற்றுவது.

நிலாணி என் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம். அதற்குள் நான் அவளுக்குச் சொன்ன பொய்கள் மொத்தம் நான்கு. நான்கையும் நான் வாயை மூடுமுன்பே கண்டுபிடித்துவிட்டாள். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்குமாம். ஆகவே காது சிவக்காத வழி ஒன்று தேவைப்பட்டது.

விஷயம் இதுதான். அது 2009. மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது. நிலாணியின் அம்மா யோகமலர் வவுனியாவில் முகாமில் இருந்தார். அவரைக் கனடாவுக்கு எடுப்பதற்கு எங்கள் இரண்டு பேருடைய வேலைக் கடிதமும் தேவைப்பட்டது. நிலாணி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய கடிதம் ஜூனிலேயே ஃபைலுக்குள் போய்விட்டது. என்னுடையது இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். ஃபைலை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போவாள்.

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பௌதிகவியல். கவனமானவன். அந்தக் கவனத்தால்தான் முந்தின வேலை போனது. வெயர்ஹவுஸில் ஒவ்வொரு பெட்டியையும் மூன்று தரம் எண்ணுவேன். மூன்றாம் தரம் எண்ணி நிமிரும்போது லொறி 401 நெடுஞ்சாலையில் ஏறியிருக்கும்.

பிறகு பஸ்ரியன் அண்ணை வந்தார். மரப்பலகை யார்ட் ஒன்றில் சுப்பர்வைசர். அவருடைய மனைவி கிளடிஸ் அன்ரி நிலாணியோடு வேலை செய்கிறவர். அப்படிப் பிடித்த வேலை. "நல்ல தோல் கையுறை ஒரு சோடி வாங்கும் தம்பி. வாங்கின அடுத்த நாளே வாரும். ஒரு மாசம் நிண்டால் கடிதம் நான் எடுத்துத் தாறன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பனிக்குள் நின்று பலகை ஏற்ற வேண்டும். பலகை என் காலில் விழுமோ, என்னால் இன்னொருவர் காலில் விழுமோ, அங்கே வருஷக்கணக்காக நிற்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ. ஆனால் அண்ணை தன்னை அறியாமல் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். கையுறை வாங்கிய அடுத்த நாள் வேலை. வாங்காவிட்டால்?

கவனமாகத் தெரிவு செய்யத் தொடங்கினேன். மாட்டுத்தோல் உறுதி, ஆனால் நனைந்து காய்ந்தால் விறைக்கும். மான்தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் பலகைச் சிராய் கிழித்துவிடும். ஆட்டுத்தோல் நடுவில். உள்ளே கம்பளி வைத்ததா, வைக்காததா? கொப்பியில் கட்டம் போட்டு எழுதினேன். இரண்டு கிழமையில் நான்கு கடை ஏறினேன். நிலாணி கேட்டபோதெல்லாம் "இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன். முழு உண்மை.

ஐந்தாவது கடைக்கு அவளும் வந்தாள்.

"உதுக்கு என்ன குறை?"

"மாட்டுத்தோலப்பா. சாமிப்படம் இருக்கிற வீடு."

"உங்கட இடுப்பில கிடக்கிற பெல்ற் என்ன, கத்தரிக்காய்த் தோலோ?"

"நனைஞ்சால் விறைக்கும் வேற."

"அப்ப ஆட்டுத்தோலை எடுங்கோ."

"வெள்ளிக்கிழமையில?"

"போடச் சொன்னனான். கறி வைக்கச் சொல்லேல்லை."

அதன் பிறகு அவள் ஒரு ஸ்குரூ ஆணியைத் தரையில் போட்டு, கையுறையோடு எடுக்கச் சொன்னாள். லார்ஜ் சைஸில் முடியவில்லை. மீடியத்தில் எடுத்துவிட்டேன். என் இரண்டு கிழமை ஆராய்ச்சி இரண்டு நிமிஷத்தில் பில் போட்டு முடிந்தது.

வீட்டுக்கு வந்து கையுறையில் தொங்கிய சிறிய அட்டையை வாசித்தேன். தண்ணீர் தாங்காது என்று அச்சடித்திருந்தது. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் வேறெதையும் வாசித்ததில்லை. உடனே போய்த் தேன்மெழுகுப் பசை ஒரு டின் வாங்கிவந்தேன். விரலால் பூச வேண்டும். ஹெயார் டிரையரால் இளஞ்சூடு காட்டி மெழுகைத் தோலுக்குள் இறக்க வேண்டும். மிச்சத்தைத் துணியால் துடைத்து ஒருநாள் காயவிட வேண்டும். தேவையென்றால் திரும்பப் பூசலாம். எத்தனை தரம் என்று டின்னில் போட்டிருக்கவில்லை. அந்த இடத்தில் நான் குடியேறினேன்.

"காய்ஞ்சிட்டுதோ?"

"இரண்டாம் பூச்சு இன்னும் பிசுபிசுக்குது."

"ஹீற்றருக்கு மேல வைச்சால்?"

"தோல் வெடிச்சுப் போடும்."

நிலாணி என் காதைப் பார்த்தாள். காது வழமையான நிறத்தில் இருந்தது. 

டிசம்பரில் முகாமைத் திறந்துவிட்டார்கள். அம்மா வவுனியாவிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஃபோன் எடுத்தார். மருமகன் வேலைக்குப் போகிறாரா என்று கேட்டார். "அவற்ற கையுறை காயுது அம்மா" என்றாள் நிலாணி. அவளும் உண்மையைத்தான் சொன்னாள். ஸ்பீக்கரில் அம்மா "அப்பிடியோ" என்றார். அந்த "அப்பிடியோ" எனக்குள்ளே எங்கோ குத்தியது. மறைக்காமல் சொல்கிறேன், குத்தியபிறகும் மூன்றாம் பூச்சுப் பூசினேன்.

ஏனென்றால் சோதித்துப் பார்த்திருந்தேன். தண்ணீர் தெளித்தால் சூடான தோசைக்கல்லில் ஓடுவதுபோல முத்து முத்தாக உருண்டது. பெருவிரல் தையலில் மட்டும் ஒரு துளி உள்ளே போய் இருண்டது. அதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது.

நிலாணியும் ஒருநாள் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். உண்மையாகவே நல்லாய்ச் செய்திருக்கிறியள் என்றாள். நான் பாராட்டில் விழுகிறவன். உள்ளங்கைக்கு மெல்லிசாகத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் பலகை வழுக்கும், தையலுக்கு இரண்டு மடங்கு வேண்டும் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். முன் வரிசை வாங்கில் இருக்கிற மாணவி மாதிரித் தலையாட்டிக் கேட்டாள்.

அடுத்த நாள் அவள் வேலையால் வரும்போது ஒரு மரக்கறிக்கடைப் பையில் பஸ்ரியன் அண்ணையின் கையுறை வந்தது. கிறிஸ்மஸுக்கு யார்ட் பூட்டியதும் அங்கே வேலை செய்யும் மற்றவர்களின் பதினொரு சோடியும் வந்தன. ஜனவரி நாலாம் திகதி திங்கட்கிழமைதான் திறப்பார்களாம். "அவையள் ஆசையாக் கேட்டவை. ஏலாதெண்டால் திருப்பிக் குடுக்கிறன்" என்றாள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு சோடி, மூன்று பூச்சு. பங்குனி மாதம் வரை போகும். ஏன் ஏலாது என்றேன்.

என்னை நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு கையுறையின் சுட்டுவிரல் நுனி கடதாசிபோலத் தேய்ந்திருந்தது. இன்னொன்றின் பெருவிரலில் யாரோ கறுப்பு டேப் சுற்றியிருந்தார். ஒரு சோடியின் இடது கை மட்டும் கல்லாகியிருந்தது. அவற்றைப் பார்த்த பிறகு என்னால் ஆறுதலாக வேலை செய்ய முடியவில்லை. என் ஒரு சோடிக்கு இரண்டு கிழமை எடுத்தவன், பன்னிரண்டு சோடியை ஆறு நாளில் முடித்தேன். வீடு முழுக்க மெழுகு மணம். கிளடிஸ் அன்ரி வந்து தங்கட மாதா கோயில் மாதிரி இருக்கு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிலாணி தேத்தண்ணி தந்தாள்.

"நாளைக்கு விடிய ஆறு மணிக்கு அவையளுக்கு வேலை. கையுறையளை ஆர் கொண்டுபோறது?"

"நீர்தான்."

"எனக்கு மோர்னிங் ஷிஃப்ற்."

"அண்ணை வந்து எடுக்கட்டன்."

"அவர் ஆறு மணிக்கு அங்க கேற் திறக்க வேணும். நீங்கள் போகாட்டி பன்னிரண்டு பேருக்கும் கை விறைக்கும், பாவங்கள்."

 வேலைக்குப் போகாமல் இருக்க நான் கையுறையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் யார்டில் உள்ள அத்தனை கையையும் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டாள்.

இருந்தாலும் எனக்கு ஒரு துருப்பு மிச்சமிருந்தது. என் சொந்தச் சோடி. புதன்கிழமையே அதற்கு நான்காவது பூச்சுப் பூசி, பேப்பரில் சுற்றி, சப்பாத்துத் தட்டின் உச்சியில் வைத்திருந்தேன். "காய்கிறது. தொட வேண்டாம்" என்று எழுதியும் ஒட்டியிருந்தேன். எழுதியவன் என்பதால் நானும் தொடவில்லை. திட்டம் சுலபம். பன்னிரண்டு சோடியையும் கொடுப்பது. என்னுடையது இன்னும் காயவில்லை, அடுத்த திங்கள் வருகிறேன் என்று நேர்மையாகச் சொல்வது. அடுத்த பஸ்ஸில் திரும்புவது.

திங்கள் விடிய எங்கள் மல்வேர்ன் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது நிலாணி ஒரு சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள். கனத்தது. குடுத்திட்டு வாறதுக்கு எதற்குச் சாப்பாடு என்று கேட்டேன். பஸ் பிந்தினால் பசிக்கும் என்றாள். அவளுடைய காதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யார்டில் மைனஸ் பதினெட்டு. எல்லாரும் கையை ஜாக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணையைத் தவிர ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அவரவர் தங்கள் கையுறையை எடுத்துப் போட்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. டேப் சுற்றிய பெருவிரல் ஒரு நெட்டை மனிதருடையது. தேய்ந்த சுட்டுவிரல் அவருக்குப் பக்கத்தில் நின்றவருடையது. ஒருவர் போத்தல் தண்ணீரைக் கையுறையில் தெளித்துப் பார்த்தார். தண்ணீர் உருண்டு விழுந்தது. அவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அது இல்லை.

இருந்தும் திட்டம் திட்டம்தானே. அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டு, என்னுடைய சோடி இன்னும் காயவில்லை, அடுத்த திங்கள் கட்டாயம் வருகிறேன் என்றேன். காது சிவக்கவில்லை. குளிருக்கு அது உணர்வே இல்லாமல் இருந்தது.

அண்ணை மறுக்கவில்லை. ஜாக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு சோடியை எடுத்து நீட்டினார். ஆட்டுத்தோல். மீடியம். தையலில் நான்கு பூச்சு. தொட்டுப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. அப்படியென்றால் வீட்டில் பேப்பருக்குள் ஐந்து நாளாக நான் காவல் காத்தது எதை?

"சனிக்கிழமை நிலாணித் தங்கச்சி கொண்டுவந்து தந்தவ" என்றார் அண்ணை. "வீட்டை கிடந்தால் இது ஒருநாளும் காயாதாம்."